லெட்டர் இருக்கிறதா, அம்மணி?

கல்லூரி லைப்ரரியில் நீங்கள் கடைசியாக எப்போது திட்டு வாங்கினீர்கள்? ஐ.டி. கார்டை மறந்து போனதற்காக, பையை வெளியே வைக்காததற்காக, 'ரெஃபரன்ஸ்' என்று முத்திரை குத்திய புத்தகத்தை வீட்டுக்குக் கேட்டதற்காக... ஏதாவது ஒன்று இருக்கும். நாளைக் காலை பேப்பர் எழுதிக் கொடுத்தாக வேண்டும். வேண்டிய புத்தகமோ கண்ணாடி பீரோவுக்குள். சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருக்கிறார். இந்த வயிற்றெரிச்சல் நமக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். இதைப் பற்றி ஓர் உலகப் பிரசித்தி பெற்ற புத்தகமே இருக்கிறது.

1928, அக்டோபர். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பெண்களுக்கென்று அப்போது இரண்டு கல்லூரிகள். ஒன்று கர்ட்டன், இன்னொன்று நியூன்ஹம். இரண்டிலும் இருந்த மாணவிகள் எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃபைப் பேசக் கூப்பிட்டார்கள். தலைப்பு: பெண்களும் புனைகதையும். வர்ஜீனியாவுக்கு வயது நாற்பத்தாறு. நாவலாசிரியையாக நல்ல பெயர் எடுத்தாகிவிட்டது. போனார், பேசினார். பேசியதை விரித்து எழுதி மறு வருடம், 1929-ல், புத்தகமாகப் போட்டார். 'தனக்கென ஓர் அறை' என்று தமிழில் சொல்லலாம்.

அந்தப் புத்தகத்தின் ஆரம்பத்தில் ஒரு பெண் வருகிறாள். கற்பனைப் பெண்தான். ஊரும் கற்பனை. ஆக்ஸ்ஃபோர்டையும் கேம்பிரிட்ஜையும் பிசைந்து 'ஆக்ஸ்பிரிட்ஜ்' என்று அதற்குப் பெயர். உரைக்குக் குறிப்பெடுக்க வந்தவள் யோசனையில் மூழ்கி, கால் போன போக்கில் ஒரு புல்வெளிமீது நடந்துவிடுகிறாள். கோட்டு போட்ட காவலாள் ஒருவர் பதறிக்கொண்டு ஓடி வருகிறார். புல்லில் ஆசிரியர்களும் ஆராய்ச்சியாளர்களும் மட்டுமே நடக்கலாமாம். பெண்களுக்குச் சரளைக்கல் பாதை!

சரி, போகட்டும் என்று நடக்கிறாள். சார்லஸ் லாம் எழுதிய ஒரு கட்டுரை ஞாபகத்துக்கு வருகிறது. மில்டன் தன் கைப்பட எழுதிய 'லிசிடஸ்' கவிதையைப் பார்த்து லாம் அதிர்ந்து போன கதை அது. அந்தக் கையெழுத்துப் பிரதி இதோ, சில நூறு கஜ தூரத்தில் இருக்கிற லைப்ரரியில்தானே இருக்கிறது? போய்ப் பார்த்துவிட்டால் என்ன? தாக்கரேயின் 'எஸ்மண்ட்' நாவலின் பிரதியும் அங்கேதான். அதையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். ஆசையாகப் போய்க் கதவைத் திறக்கிறாள்.

உள்ளிருந்து ஒரு பெரியவர். வெள்ளை முடி, கறுப்பு அங்கி, கனிவான முகம். ரொம்ப வருத்தத்தோடு கையை ஆட்டி அவளைத் திருப்பி அனுப்புகிறார். கல்லூரி ஃபெல்லோ யாராவது கூட வர வேண்டும், இல்லையென்றால் அறிமுகக் கடிதம் வேண்டும். இரண்டும் இல்லாத பெண்மணிக்கு லைப்ரரியில் இடமில்லை.

அந்த லைப்ரரியின் பெயரைப் புத்தகம் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. லிசிடஸும் எஸ்மண்டும் ஒரே கூரையின் கீழ் இருக்கிற இடம் உலகத்தில் ஒன்றுதான்: கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் ரென் நூலகம்.

எட்டாம் ஹென்றி 1546-ல் தொடங்கிய கல்லூரி டிரினிட்டி. நூலகத்தைக் கட்டியவர் லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய அதே கிறிஸ்டோபர் ரென். 1676-ல் ஆரம்பித்து 1695-ல்தான் முடிந்தது. பக்கத்திலேயே கேம் நதி ஓடுகிறது, வெள்ளம் வந்தால் புத்தகம் நனையுமே என்று தூண்களை எழுப்பி, மாடியில் கொண்டுபோய் நூலகத்தை வைத்தார். அலமாரிகளுக்கு மேலே உயரத்தில் ஜன்னல்கள். பகல் முழுக்க வெளிச்சம், சுவர் முழுக்கப் புத்தகம். உள்ளே கவிஞர் பைரனின் பளிங்குச் சிலை உட்கார்ந்திருக்கிறது. பைரனின் ஒழுக்கம் சரியில்லை என்று வெஸ்ட்மின்ஸ்டர் அபே ஏற்க மறுத்த சிலை அது. சிலைக்கு மட்டும் அறிமுகக் கடிதம் கேட்கவில்லை போலிருக்கிறது!

இந்த லாம் விவகாரம் என்ன? அதையும் பார்த்துவிடுவோம். 1637 ஆகஸ்டில் எட்வர்ட் கிங் என்ற இளைஞர் ஐரிஷ் கடலில் கப்பல் உடைந்து இறந்துபோனார். மில்டனோடு கேம்பிரிட்ஜில் படித்தவர். நண்பர்கள் சேர்ந்து ஓர் அஞ்சலித் தொகுப்பு கொண்டுவந்தார்கள். அதற்காக மில்டன் எழுதிய இரங்கற்பாதான் லிசிடஸ். ஆங்கிலத்தில் மிக உயர்ந்த இரங்கற்பா எது என்று கேட்டால் இன்றைக்கும் பல பேராசிரியர்கள் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வார்கள். மில்டன் எழுதிப் பார்த்த தாள்கள், பெரிய அளவுக் காகிதங்கள், எப்படியோ சர் ஹென்றி நியூட்டன் பக்கரிங் என்ற செல்வந்தரின் கைக்கு வந்து, அவர் தன் புத்தகங்களை டிரினிட்டிக்குக் கொடுத்தபோது கூடவே உள்ளே வந்துவிட்டன. பதினெட்டாம் நூற்றாண்டில்தான் யாரோ கவனித்து எடுத்து பைண்ட் செய்து வைத்தார்கள்.

சார்லஸ் லாம் யார் தெரியுமா? கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் ஆபீஸில் முப்பத்து மூன்று வருடம் கணக்கு எழுதிய குமாஸ்தா. நம் ஊர்களிலிருந்து கப்பலில் போன சரக்கெல்லாம் அந்த மாதிரிப் பேரேடுகளில்தான் ஏறியது. திக்குவாய் காரணமாகப் பல்கலைக்கழகம் போக முடியாமல் போனவர். அதனால், லீவு கிடைத்தால் கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் போய், தானும் ஒரு மாணவன் என்று கற்பனை செய்துகொண்டு சுற்றுவார். பாவமாக இருக்கிறது, இல்லையா? 1820-ல் வெளியான கட்டுரையின் அடிக்குறிப்பு ஒன்றில் மில்டன் தாள்களைப் பார்த்த அனுபவத்தை எழுதினார். லிசிடஸை வானத்திலிருந்து முழுசாக விழுந்த கனி என்று நினைத்திருந்தார். போய்ப் பார்த்தால் அடித்தல், திருத்தல், ஓரத்தில் செருகல்! பூக்களை வரிசையாகச் சொல்கிற அழகான பகுதி பிற்பாடு தனியாக எழுதிச் சேர்த்தது. இந்தச் சொல் இல்லாமல் வேறு சொல்கூட இருந்திருக்கலாம் என்ற எண்ணத்தையே அவரால் தாங்க முடியவில்லை. இந்தக் காகிதங்களை ஆற்றில் எறிந்திருக்கலாமே என்று புலம்பித் தீர்த்துவிட்டார்.

வர்ஜீனியாவின் கற்பனைப் பெண்ணுக்கோ, எந்தச் சொல்லை மில்டன் மாற்றியிருப்பார் என்று ஊகித்துப் பார்ப்பதே விளையாட்டாக இருக்கிறது. பட்டமில்லாத குமாஸ்தாவுக்கு அந்தத் தாள்கள் கண்ணில் பட்டன. நூறு வருடம் கழித்து அதே தாள்களைத் தேடி வந்தவளுக்குக் கதவு திறக்கவில்லை.

எஸ்மண்ட் கதை இன்னும் கொடுமை. தாக்கரேயின் மகளைத்தான் லெஸ்லி ஸ்டீஃபன் என்ற விமர்சகர் முதலில் மணந்திருந்தார். அந்த மனைவி இறந்தபின் இரண்டாவது கல்யாணம். இரண்டாவது மனைவிக்குப் பிறந்த பெண்தான் வர்ஜீனியா. எஸ்மண்ட் கையெழுத்துப் பிரதியை டிரினிட்டிக்கு அன்பளிப்பாகக் கொடுத்தவர் சாட்சாத் இந்த லெஸ்லி ஸ்டீஃபன்! அப்பா வீட்டிலிருந்து போன பொருளைப் பார்க்க மகள் போக வேண்டுமென்றால் லெட்டர் வேண்டும். அண்ணன் தோபி டிரினிட்டி மாணவன். கணவர் லெனார்டு வுல்ஃபும் அதே டிரினிட்டி. அங்கே படித்துவிட்டு இலங்கை அரசுப் பணிக்கு வந்து, யாழ்ப்பாணத்தில் உத்தியோகம் பார்த்து, தமிழ் கற்றுக்கொண்ட மனிதர் அவர். வீட்டில் ஆண்களெல்லாம் கேம்பிரிட்ஜ். வர்ஜீனியா பள்ளிக்கூடமே போகவில்லை. லண்டனில் பெண்கள் பிரிவில் கிரேக்கம், லத்தீன் என்று சில வகுப்புகள், மற்றபடி அப்பாவின் அலமாரிதான் அவருக்குப் பல்கலைக்கழகம். புத்தகத்தில் அந்தக் கறுப்பு அங்கிப் பெரியவர்மேல் இத்தனை கிண்டல் ஏன் என்று இப்போது புரிகிறதா? அப்பா கொடுத்த விஷயத்தைப் பற்றி வர்ஜீனியா புத்தகத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை என்பதையும் கவனியுங்கள்.

அந்தக் காலத்துக் கேம்பிரிட்ஜ் அப்படி. 1881 முதல் பெண்கள் பரீட்சை எழுதலாம், பட்டம் மட்டும் கிடையாது. 1890-ல் ஃபிலிப்பா ஃபாசெட் என்ற நியூன்ஹம் மாணவி கணிதத்தில் முதலிடம் வந்த ஆணையே தாண்டி மார்க் வாங்கினார். பட்டமா? மூச்! 1897-ல் பெண்களுக்குப் பட்டம் கொடுக்கலாமா என்று ஓட்டெடுப்பு நடந்தது. எதிர்ப்பாளர்கள் சைக்கிள் ஓட்டும் பெண் பொம்மை ஒன்றைத் தெருவுக்கு மேலே கட்டித் தொங்கவிட்டார்கள். ஆதரவு 660 சொச்சம், எதிர்ப்பு 1,700 சொச்சம். 1921-ல் மறுபடி தோல்வி. தோற்றது பெண்கள். ஆனாலும் ஆண் மாணவர்கள் கும்பலாகப் போய் நியூன்ஹம் கல்லூரி கேட்டைத் தள்ளுவண்டியால் இடித்து உடைத்தார்கள். ஜெயித்தவன் போய்க் கல் எறிவது எந்த ஊர் நியாயமோ! 1948-ல்தான் பெண்கள் முழு உரிமையோடு பட்டம் வாங்கினார்கள். வர்ஜீனியா 1941-லேயே இறந்துவிட்டார்.

பெண்கள் கல்லூரிகள் சும்மா இருக்கவில்லை. எங்கும் உரிமையோடு நுழைய முடியாது என்பதால் தங்களுக்கென்று சொந்த நூலகம் கட்டிக்கொண்டார்கள். பொம்மையைத் தொங்கவிட்ட அதே 1897-ல்தான் நியூன்ஹமின் புதிய நூலகம் திறக்கப்பட்டது.

ரென் நூலகத்துக்கு நம்மோடும் ஒரு சம்பந்தம் உண்டு. 1918-ல் டிரினிட்டியின் ஃபெல்லோ ஆனவர் நம் ராமானுஜன். கடைசி வருடத்தில் அவர் எழுதிய கணக்குத் தாள்கள் கைமாறிக் கைமாறி ரென் நூலகத்தில் வந்து தூங்கின. 1976-ல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் ஒரு பெட்டியிலிருந்து அவற்றைக் கண்டெடுத்தார். டிரினிட்டி ஆராய்ச்சிப் படிப்பில் பெண்களைச் சேர்த்துக்கொண்டதும் அதே 1976-தான். இளங்கலை வகுப்புக்குப் பெண்கள் வர இன்னும் இரண்டு வருடம் ஆனது.

இன்னொரு சங்கதி. புத்தகம் வெளிவந்து மூன்று வருடத்தில், 1932-ல், டிரினிட்டியிலிருந்தே வர்ஜீனியாவுக்கு லெட்டர் வந்தது! ஆங்கில இலக்கியம் பற்றிய கிளார்க் சொற்பொழிவுகளை நிகழ்த்த வர வேண்டும் என்று அழைப்பு. அதுவரை எந்தப் பெண்ணையும் அவர்கள் அழைத்ததில்லை. அந்த வரிசையை 1880-களில் முதன்முதலாகத் தொடங்கிவைத்தவர் அவருடைய அப்பா லெஸ்லி ஸ்டீஃபன். வர்ஜீனியாவுக்கு உள்ளூர சந்தோஷம்தான். ஆனால், முடியாது என்று பதில் எழுதிவிட்டார்.

இப்போது மில்டனின் தாள்களை டிரினிட்டி இணையத்தில் போட்டுவிட்டது. நீங்கள் மாம்பலத்திலோ மதுரையிலோ உட்கார்ந்து அடித்தல் திருத்தல்களைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். வர்ஜீனியா கைப்பட எழுதிய 'தனக்கென ஓர் அறை' எங்கே இருக்கிறது தெரியுமா? கேம்பிரிட்ஜிலேயே, டிரினிட்டியிலிருந்து பத்துப் பதினைந்து நிமிட நடை தூரத்தில், ஃபிட்ஸ்வில்லியம் மியூசியத்தில். கொடுத்தவர் லெனார்டு வுல்ஃப். அட்டையில் 'பெண்களும் புனைகதையும்' என்று பழைய தலைப்பே இருந்ததால் ரொம்ப நாள் அது யார் கண்ணிலும் படவில்லை. ரோசன்பாம் என்ற ஆராய்ச்சியாளர் பிடித்துவிட்டார். வர்ஜீனியா எந்தச் சொல்லை அடித்தார், எதை எழுதினார் என்று ஒவ்வொரு தாளாகப் படித்து 1992-ல் அதைப் பதிப்பித்தார்.