வெந்நீரில் பிழைத்த நகரம்

துருக்கியின் தென்மேற்கில், டெனிஸ்லி நகருக்கு அருகே ஒரு குன்றின் சரிவு தூரத்திலிருந்து பார்த்தால் பனி மூடியதுபோல் வெளுத்துத் தெரியும். பமுக்கலே என்ற அந்த இடத்துக்குக் கடலோர ஊர்களிலிருந்து விடியும் முன்பே சுற்றுலாப் பேருந்துகள் கிளம்பிவிடுகின்றன. வந்து சேர்ந்தவர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வெதுவெதுப்பான நீர் தேங்கிய வெள்ளைப் படிகளில் நடக்கிறார்கள். படம் எடுத்து முடிப்பதற்குள் பாதிப் பொழுது போய்விடுகிறது. குன்றின் மேலே இருக்கும் ஹைராபொலிஸ் என்ற பழைய நகரத்துக்குக் கிடைப்பது மிச்ச நேரம்தான். அந்தத் தண்ணீரை நம்பி ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பிழைத்தவர்களின் கதை முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

நிலத்தடியில் சுண்ணாம்புப் பாறைகளைக் கரைத்துக்கொண்டு வரும் வெந்நீர், ஊற்றில் வெளிப்பட்டதும் தன்னுள் இருந்த கரியமில வாயுவைக் காற்றில் விடுகிறது. வாயு போனதும் கால்சியம் கார்பனேட் பிரிந்து கூழ்போலப் படிகிறது. பிறகு கல்லாக இறுகுகிறது. வெள்ளைப் படிகள் இப்படித்தான் வளர்ந்தன.

இந்த இயல்பை அந்த ஊர் விவசாயிகள் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ, அவர்கள் வாய்க்கால் வெட்டி இந்த நீரை ஓடவிட்டு, அது படிந்து இறுகியதும் ஒரே கல்லாலான வேலியைப் பெற்றதாக எழுதியிருக்கிறார். சாயத் தொழிலுக்கும் இந்த நீர் வாய்ப்பாக அமைந்தது. இங்கே செடி வேர்களைக் கொண்டு சாயமேற்றிய கம்பளி, கடல் நத்தையிலிருந்து எடுக்கும் விலையுயர்ந்த ஊதாச் சாயத்துக்கே ஈடுகொடுத்தது என்கிறார் அவர்.

பெர்கமான் அரசர்கள் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் உருவாக்கிய நகரம் இது. கி.மு. 133இல் அவர்களுடைய நாடு ரோமின் கைக்குப் போனது. கி.பி. 60இல் வந்த நிலநடுக்கம் ஊரைத் தரைமட்டமாக்க, ரோமானிய பாணியில் அகலமான தெருக்களும் குளியல் மண்டபங்களும் எழும்பின. வடக்கு வாசலில் மூன்று வளைவுகளோடு நிற்கும் நுழைவாயிலைக் கட்டியவர் ஆளுநர் ஃப்ரான்டினஸ். பின்னாளில் ரோம் நகரின் குடிநீர்க் கால்வாய்களைப் பற்றிப் புகழ்பெற்ற நூல் எழுதியவரும் இவரே.

வெந்நீரோடு கூடவே வந்த நச்சுக்காற்றுக்கும் ஒரு கோயில் எழுந்தது. பாதாள உலகின் தெய்வமான புளூட்டோவுக்குரிய குகை வாசலுக்குள் காளைகளை ஓட்டிச் சென்றால் அவை செத்து விழும். பூசாரிகள் மட்டும் உயிரோடு திரும்புவார்கள். ஸ்ட்ராபோ தானே சிட்டுக்குருவிகளை உள்ளே எறிந்து பார்த்தார். அவை உடனே மாண்டன. இத்தாலிய அகழாய்வாளர் ஃபிரான்செஸ்கோ டாண்ட்ரியா இந்தக் கோயிலைக் கண்டறிந்ததை 2013இல் அறிவித்தார். பிறகு ஜெர்மன் உயிரியலாளர் ஹார்டி ஃபான்ஸ் குழுவினர் அங்கே வாயுவை அளந்து 2018இல் முடிவுகளை வெளியிட்டார்கள். காற்றைவிடக் கனமான கரியமில வாயு இரவில் தரையோடு தேங்குகிறது; வெயில் ஏறியதும் கலைகிறது. மூக்கு தாழ்ந்திருந்த விலங்குகள் மூச்சடைத்து இறந்தன. நிமிர்ந்து நின்ற பூசாரிகளின் தலை வாயுவுக்கு மேலே இருந்தது.

ஆனால் இந்த ஊரின் உழைப்பாளிகளைச் சந்திக்க வேண்டுமென்றால் இடுகாட்டுக்குத்தான் போக வேண்டும். 1,200க்கும் மேற்பட்ட கல்லறைகள் கொண்ட பரப்பு அது. வடக்கு வாசலருகே இருப்பது ஃபிளாவியஸ் சியூக்ஸிஸ் என்ற வணிகரின் சமாதி. கிரேக்கத்தின் தென்பகுதியில், மாலுமிகள் நடுங்கிய மலேயா முனையைச் சுற்றி 72 முறை இத்தாலிக்குக் கடல்வழி சென்றவர் என்று அதில் பொறித்திருக்கிறார்கள். பதவியோ பட்டமோ இல்லாமல், பயணக் கணக்கையே ஒருவர் தன் பெருமையாக விட்டுச் சென்றிருக்கிறார்.

அம்மியானோஸ் என்பவரின் கல்பெட்டி இன்னும் அரியது. கி.பி. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அதன் மூடியில் ஒரு நீர்ச்சக்கரம் செதுக்கப்பட்டிருக்கிறது. பற்சக்கரங்கள் வழியாக அது இரண்டு ரம்பங்களை முன்னும் பின்னும் இழுத்துக் கற்களை அறுக்கிறது. சுழற்சியை நேர்கோட்டு அசைவாக மாற்றும் இந்த ஏற்பாட்டுக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்று இதுவே. நீராவி எந்திரத்திலும் மோட்டார் வாகனத்திலும் பின்னாளில் தலைகீழாக இயங்கியது இதே தத்துவம்தான்.

7ஆம் நூற்றாண்டின் நிலநடுக்கத்தில் நகரம் பெரும் சேதம் கண்டது. 1354இல் மீண்டும் நிலம் குலுங்கியபின் ஊர் வெறிச்சோடியது. 1887இல் ஜெர்மானியரான கார்ல் ஹூமன் ஆய்வைத் தொடங்கினார். 1957 முதல் இத்தாலியக் குழு அகழ்ந்துவருகிறது. இதற்கிடையே 20ஆம் நூற்றாண்டில் இடிபாடுகளின் நடுவிலேயே தங்கும் விடுதிகள் முளைத்தன. ஊற்று நீர் அவற்றின் நீச்சல் குளங்களுக்குப் போக, படிகள் காய்ந்து பழுப்பேறின. 1988இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தபின் விடுதிகள் அகற்றப்பட்டன. இப்போது நீரை முறைவைத்துப் பகுதி பகுதியாகத் திறந்துவிடுகிறார்கள்.

சாயமும் நெசவும் மட்டும் இந்தப் பள்ளத்தாக்கை விட்டுப் போகவில்லை. துருக்கியின் முக்கிய ஜவுளி மையங்களில் ஒன்றான டெனிஸ்லி, துண்டுகளையும் குளியல் அங்கிகளையும் இன்றும் வெளிநாடுகளுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது.