லம்போர்கினி எல்எம்002

லம்போர்கினி எல்எம்002 என்பது இத்தாலியின் லம்போர்கினி நிறுவனம் 1986 முதல் 1990களின் தொடக்கம் வரை தயாரித்த, நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் சொகுசு வாகனம். ராணுவத்துக்கென்று தொடங்கிய முயற்சி, எந்த ராணுவமும் பெருமளவில் வாங்க முன்வராததால் செல்வந்தர்களின் வண்டியாக முடிந்தது. பந்தயக் கார்களுக்கு நிகரான எஞ்சினைக் கரடுமுரடான நிலத்தில் ஓடும் வண்டியில் பொருத்திய முன்னோடிகளில் ஒன்றாக இது கருதப்படுகிறது.

தோற்றம்

டிராக்டர் உற்பத்தியில் பொருளீட்டிய ஃபெருச்சோ லம்போர்கினி 1963இல் சாந்தாகட்டா பொலோனீசே என்ற ஊரில் கார் நிறுவனத்தைத் தொடங்கினார். 1972இல் பெரும்பான்மைப் பங்குகளையும் 1974இல் எஞ்சியவற்றையும் சுவிட்சர்லாந்து முதலீட்டாளர்களுக்கு விற்றுவிட்டு ஒதுங்கினார். எண்ணெய் நெருக்கடியால் விலையுயர்ந்த கார்களின் விற்பனை சரிந்திருந்த நேரம் அது. நிலையான வருமானம் தரும் ராணுவ ஒப்பந்தம் ஒன்று கிடைத்தால் நிறுவனம் தாக்குப்பிடிக்கும் என்று புதிய உரிமையாளர்கள் கணக்கிட்டனர்.

அமெரிக்க ராணுவத்தை மனத்தில் வைத்து உருவான ‘சீட்டா’ 1977இல் ஜெனீவா கார் கண்காட்சிக்கு வந்தது. கிறைஸ்லரின் வி8 எஞ்சின் வண்டியின் பின்புறம் பொருத்தப்பட்டிருந்தது. பின்பக்கம் கனத்ததால் வண்டியை அடக்கி ஓட்டுவது கடினமாயிற்று, ஒப்பந்தமும் கிட்டவில்லை. 1978இல் நிறுவனம் திவாலானது.

அதை மீட்டெடுத்த மிம்ரான் சகோதரர்களின் காலத்தில் திட்டம் மறுபடி உயிர்பெற்றது. 1981இல் வெளியான எல்எம்001இலும் எஞ்சின் பின்புறமே இருந்ததால் பழைய குறை தொடர்ந்தது. பொறியாளர் ஜூலியோ அல்ஃபியேரியின் குழு எஞ்சினை முன்புறத்துக்கு மாற்றியது. அதோடு நில்லாமல் கூன்டாக் அதிவேகக் காரின் வி12 எஞ்சினையே அதில் பொருத்தியது. அந்த மாதிரி 1982இல் காட்டப்பட்டது. விற்பனைக்கான இறுதி வடிவம் 1986இல் பிரஸ்ஸல்ஸ் கண்காட்சியில் வெளியானது.

அமைப்பும் திறனும்

எஞ்சினின் கொள்ளளவு 5.2 லிட்டர்; ஆறு கார்புரேட்டர்கள்; திறன் ஏறத்தாழ 450 குதிரைத்திறன். எஃகுக் குழாய்ச் சட்டகத்தின்மேல் அலுமினியமும் கண்ணாடியிழையும் கொண்ட உடல் அமைந்தது. சுமார் 2,700 கிலோ எடையுள்ள இந்த வண்டி மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தை எட்டியது. ஐந்து கியர்கள், அவற்றைக் கையால்தான் மாற்ற வேண்டும். உள்ளே தோல் இருக்கைகள், மர வேலைப்பாடு, குளிர்சாதனம் இருந்தன. பின்புறத் திறந்த தளத்திலும் ஆட்கள் அமரலாம்.

மணலில் இத்தனை எடை இத்தனை வேகத்தில் ஓடினால் சாதாரண டயர்கள் சூடேறிக் கிழிந்துவிடும். எனவே பிரெல்லி நிறுவனம் ‘ஸ்கார்ப்பியன்’ என்ற அகன்ற டயரை இந்த வண்டிக்கென்றே உருவாக்கியது. காற்று பெரிதும் குறைந்த நிலையிலும் அது ஓடும். எஞ்சினின் பசிக்கு ஈடுகொடுக்க 290 லிட்டர் எரிபொருள் தொட்டி வைக்கப்பட்டது.

உடைமையும் பராமரிப்பும்

உற்பத்தி நடக்கும்போதே, 1987இல், நிறுவனம் கிறைஸ்லரின் கைக்கு மாறியது. எரிபொருளைத் துல்லியமாகப் பீய்ச்சும் முறை கொண்ட ‘எல்எம் அமெரிக்கன்’ வடிவம் அமெரிக்கச் சந்தைக்காகப் பின்னர் வந்தது. மொத்தம் 300 வண்டிகள் அளவில் தயாரானதும் உற்பத்தி நின்றது.

வளைகுடாவின் எண்ணெய்ச் செல்வமும் ஹாலிவுட் புகழுமே இதன் சந்தை. நடிகர் சில்வெஸ்டர் ஸ்டாலோன், குத்துச்சண்டை வீரர் மைக் டைசன் முதலியோர் இதை வைத்திருந்தனர். இதற்கு ‘ராம்போ லாம்போ’ என்ற பட்டப்பெயரும் ஒட்டிக்கொண்டது. சதாம் உசேனின் மகன் உதய் வைத்திருந்த வண்டியை 2004இல் ஈராக்கில் அமெரிக்கப் படையினர் கார் வெடிகுண்டுச் சோதனைக்காக வெடிவைத்துத் தகர்த்தனர். ராணுவத்துக்கென்று பிறந்து தனியார் சொத்தான வண்டியை, வாங்க மறுத்த அதே நாட்டின் படையே அழித்தது.

வாங்குவதைவிட வைத்துக்கொள்வதே பெருஞ்செலவு. ஆறு கார்புரேட்டர்களையும் ஒத்திசைக்கப் பழகிய கைகள் வேண்டும். பிற வண்டிகளுக்குப் பொருந்தாத டயரை எளிதில் மாற்றவும் முடியாது. இருந்தும், எண்ணிக்கை குறைவு என்பதாலேயே சேகரிப்பாளர்கள் இதைத் தேடி வாங்குகிறார்கள்.

பிற்காலத் தாக்கம்

1994இல் இந்தோனேசிய முதலீட்டாளர்களிடம் சென்ற லம்போர்கினி, 1998இல் ஆடியின் கீழ் வந்தது. 2012இல் பெய்ஜிங்கில் மாதிரியாகக் காட்டப்பட்டு, 2017 டிசம்பரில் அறிமுகமான உருஸ் என்ற வண்டி, எல்எம்002இன் வழித்தோன்றலாக முன்வைக்கப்பட்டது. அமைப்பில் இரண்டும் நேரெதிர். உருஸின் அடித்தளம் போர்ஷே கயென், பென்ட்லி பென்டேகா ஆகியவற்றோடு பகிரப்பட்டது; அறிமுகமானபோது அதன் இரட்டை டர்போ வி8 எஞ்சின் 650 குதிரைத்திறன் தந்தது; வேகம் மணிக்கு 305 கிலோமீட்டராக இருந்தது.

எல்எம்002க்குத் தனிச் சட்டகமும் தனி டயரும் தேவைப்பட்டன. அந்தச் செலவை ஆண்டுக்குச் சில டஜன் வண்டிகளின் விற்பனை தாங்கவில்லை. ஆடி சார்ந்த குழுமத்தின் பிற நிறுவனங்களோடு செலவைப் பகிர்ந்துகொண்ட உருஸ், 2022 ஜூனுக்குள் 20,000 வண்டிகள் என்ற எண்ணிக்கையைத் தொட்டது. 2022இல் லம்போர்கினி விற்ற 9,233 கார்களில் 5,367 உருஸ் வகையைச் சேர்ந்தவை. நிறுவனத்தைக் காப்பாற்ற 1970களில் எடுக்கப்பட்ட முயற்சி, நாற்பது ஆண்டுகள் கழித்து, வேறொரு உரிமையாளரின் கீழ்தான் வணிகமாகப் பலித்தது.