ஏர்பிரஷ்ஷுக்கு வந்த காற்று

ஏர்பிரஷ் பிறந்தபோது அதற்குக் காற்றழுத்தத்தைச் சீராக நிறுத்தி வைக்கும் ரெகுலேட்டர் கிடையாது. பின்னாளில் இரட்டைச் சகோதரருடன் சேர்ந்து நீராவிக் கார் செய்து புகழ்பெற்ற ஃபிரான்சிஸ் எட்கர் ஸ்டான்லி, படங்களுக்கு வண்ணமேற்றும் ஒரு தெளிப்பானுக்கு 1876இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். 1879இல் அயோவா மாநிலத்தின் ஆப்னர் பீலர், நகைப்பட்டறையில் கிடைத்த பழைய சாமான்களைக் கொண்டு இன்னொரு கருவியை உருவாக்கினார். அதன் உரிமையை வாங்கிய லிபர்ட்டி வாக்கப், அதைத் திருத்தி 1883 வாக்கில் 'ஏர்பிரஷ்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். காற்றும் வண்ணமும் நுனியில் கலந்து புகையாகப் பிரியும் இன்றைய வடிவம் சார்லஸ் பர்டிக்குடையது. தேயர் அண்ட் சாண்ட்லர் நிறுவனம் 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அதை வைத்தது.

இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஊசியையும் நுனியையும் பற்றியே சொல்கிறார்கள். பின்னாலிருந்து வரும் காற்றைப் பற்றிய பேச்சு குறைவு. அது நியாயமில்லை. ஆரம்பக் கருவிகளுக்குக் காற்றைக் கொடுத்தவை கையாலோ காலாலோ இயக்கும் பம்புகள். பம்பின் ஒவ்வொரு தள்ளலும் கோட்டில் ஒரு தடிப்பாக விழும். நடுவே ஒரு தொட்டி வைத்தால் துடிப்பு அடங்கும். ஆனால் வரைய வரையத் தொட்டியின் அழுத்தம் இறங்கிக்கொண்டே வரும். அழுத்தம் குறைந்தால் வண்ணத் துளிகள் பெரிதாகிப் புள்ளி புள்ளியாய்ச் சிதறும். கன்னத்தின் நிழலை ஒளியோடு இழைய விட வேண்டிய புகைப்பட ரீடச்சிங் கலைஞருக்கு இது பெரும் இடைஞ்சல். 1849இல் பாரிஸின் யூஜீன் பூர்தோன் காப்புரிமை பெற்ற வளைகுழாய் அழுத்தமானி, அழுத்தம் எவ்வளவு என்று காட்டியது. அதை நிறுத்தி வைக்க அதனால் ஆகாது.

நிறுத்தி வைக்கும் கருவி வேறொரு தொழிலில் வளர்ந்தது. 1880களில் ஜெர்மனியின் மதுக்கடைகளில் பீரை மேலே தள்ள, திரவமாக்கிய கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர்கள் புழக்கத்துக்கு வந்தன. 20 டிகிரி செல்சியஸில் அந்தச் சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம் சுமார் 57 பார். பீருக்கு ஓரிரு பார் போதும். அக்கால வால்வுகள் இந்த இறக்கத்தைச் சீராகச் செய்யவில்லை. லூபெக் நகரின் யோஹான் ஹைன்ரிஷ் டிரேகர் கூட்டாளி கார்ல் அடோல்ஃப் கெர்லிங்குடன் சேர்ந்து 1889இல் தொடங்கிய தொழில், இதற்காகவே செய்த 'லூபெக்கா' வால்வின் மீதுதான் எழுந்தது. 1902இல் வெளிவந்த ரோத்–டிரேகர் மயக்கமருந்துக் கருவியிலும் இந்த அழுத்தக் குறைப்பு அனுபவம் பயன்பட்டது.

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் விளம்பர ஓவியக் கூடங்களும் ரீடச்சிங் அறைகளும் இதே வாயுச் சிலிண்டரை வாங்கி ரெகுலேட்டரோடு பொருத்தின. சத்தமில்லை, ஈரமில்லை, உள்ளே திரவம் இருக்கும்வரை அழுத்தமும் பெரிதாக மாறாது.

ரெகுலேட்டருக்குள் நடப்பது எளிமையானது. குமிழைத் திருகினால் ஸ்பிரிங் அமுங்கி ஒரு சவ்வைத் தள்ளும். சவ்வு ஒரு தண்டைத் தள்ளி வால்வைத் திறக்கும். மறுபுறம் சேரும் காற்று சவ்வைத் திருப்பித் தள்ளும். அந்த விசை ஸ்பிரிங்குக்கு ஈடானதும் வால்வு மூடிக்கொள்ளும். ஏர்பிரஷ்ஷின் ட்ரிகரை அழுத்திக் காற்று வெளியேறினால் வால்வு மறுபடி திறக்கும். சமையல் எரிவாயு சிலிண்டரின் ரெகுலேட்டரும் இந்தக் கொள்கையில்தான் இயங்குகிறது. அதில் அழுத்தத்தை மாற்றும் குமிழ் மட்டும் இல்லை.

ஆக்சி-அசெட்டிலின் வெல்டிங் பரவியபோது ரெகுலேட்டர் பட்டறைச் சாமானாயிற்று. 1923இல் டூப்பான்ட் அறிமுகப்படுத்திய டியூகோ லாக்கர், வாரக்கணக்கில் இழுத்த கார்ப் பூச்சை ஸ்பிரே மூலம் வெகு விரைவில் முடித்தது. கம்ப்ரஸர் காற்றில் தண்ணீர்த் துளி இருந்தால் பூச்சு கெடும் என்பதால் ஃபில்டரும் ரெகுலேட்டரும் ஒன்றாகவே பொருத்தப்பட்டன. இன்றைய ஹாபி கம்ப்ரஸரில் கீழே கண்ணாடிக் கிண்ணம் போல ஈரப்பொறி தொங்கும் ரெகுலேட்டர், இந்தத் தொழிற்சாலைக் கருவியின் சிறிய வடிவமே.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிளாஸ்டிக் மாடல் கிட்டுகள் பெருகியபோது ஏர்பிரஷ் வீட்டு மேசைக்கு வந்தது. முதலில் அதற்குக் காற்று தந்தவை கையடக்க வாயு டப்பாக்கள். தொடர்ந்து அடித்தால் டப்பா குளிர்ந்து அழுத்தம் விழும். பழைய தொட்டியின் குறையே வேறு உருவில் திரும்பி வந்தது. எண்ணெய் தேவையில்லாத சிறிய பிஸ்டன் கம்ப்ரஸர்கள் மலிவானபின் அந்தச் சிக்கல் ரெகுலேட்டரின் பொறுப்பாயிற்று. பரவலாக விற்கும் ஒரு வகையில் 3 லிட்டர் தொட்டி இருக்கும். மோட்டார் 4 பாரில் நின்று 3 பாரில் மறுபடி ஓடும். இப்படி ஏறி இறங்கும் காற்றிலிருந்து மாடல் வேலைக்கு 1 முதல் 1.7 பார், அதாவது 15 முதல் 25 பி.எஸ்.ஐ. வரை, அசையாமல் தர வேண்டும். எளிய ரெகுலேட்டரில் தொட்டியின் அழுத்தம் இறங்கும்போது வெளியழுத்தம் சற்றே ஏறும். மோட்டார் ஓடும்போதும் நிற்கும்போதும் கோடு மாறுவதற்கு இது ஒரு காரணம். இரண்டு கட்ட ரெகுலேட்டரிலோ சமநிலை வால்வு உள்ளதிலோ இந்த மாற்றம் மிகக் குறைவு.

ரெகுலேட்டரைத் தேர்வு செய்கையில் முதலில் பார்க்க வேண்டியது அழுத்தமானியின் அளவுகோல். 2.5 சதவீதத் துல்லியம் என்பது முழு அளவில் கணக்கிடப்படுவது: 10 பார் மானியில் 0.25 பார், அதாவது ஏறக்குறைய 3.6 பி.எஸ்.ஐ. பிழை வரலாம், 4 பார் மானியில் 0.1 பார்தான். 15 பி.எஸ்.ஐ.யில் வேலை செய்பவருக்கு இந்த வேறுபாடு பெரிது. அதே காரணத்தால், பெரிய பட்டறைக்கான ரெகுலேட்டரைவிடக் குறைந்த அழுத்தத்துக்கும் சிறு ஓட்டத்துக்கும் செய்த சிறிய ரெகுலேட்டர் மேல்.

அடுத்தது, கூடுதல் அழுத்தத்தைத் தானே வெளியேற்றும் வகையா என்பது. அவ்வகையில் குமிழைத் தளர்த்தினால் மேல்மூடியின் சிறு துளைவழியே 'உஸ்' என்று காற்று போய் மானி உடனே இறங்கும். அல்லாத வகையில் ட்ரிகரை அழுத்தும்வரை குழாயில் பழைய அழுத்தமே நிற்கும். அந்தச் சத்தம் கணநேரம் வந்தால் கோளாறல்ல. நிற்காமல் வந்தால் சவ்வு கிழிந்திருக்கலாம், அல்லது வால்வில் தூசி சிக்கியிருக்கலாம். எந்த வகையானாலும் அழுத்தத்தை ட்ரிகரை அழுத்திப் பிடித்தபடியே வைக்க வேண்டும். மூடிய நிலையில் 20 பி.எஸ்.ஐ. என்று காட்டும் மானி, காற்று ஓடும்போது அதற்குக் கீழே இறங்கும்.

ஏர்பிரஷ்ஷின் அடியிலேயே வரும் சிறு திருகு வால்வு காற்றின் ஓட்டத்தை நெருக்குமே தவிர அழுத்தத்தைச் சீராக்காது. அதை ரெகுலேட்டருக்கு மாற்றாக வாங்கக் கூடாது.

ஈரப்பொறி சென்னை, கொழும்பு போன்ற கடலோர ஊர்களில் கட்டாயம். காற்றை வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் 4 பாருக்கு அழுத்தினால் அதன் கன அளவு ஐந்தில் ஒன்றாகும். ஆறியபின் அது தாங்குவது, தொடக்கத்தில் 20 சதவீத ஈரப்பதத்துக்குச் சமமான நீராவியைத்தான். வெளியே ஈரப்பதம் 70 சதவீதம் என்றால், உள்ளே வந்த நீராவியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தண்ணீராகும். கம்ப்ரஸரில் காற்று இன்னும் சூடாக இருப்பதால் ரெகுலேட்டரோடு வரும் பொறியைத் தாண்டியும் நீராவி போய்க் குழாயில் குளிர்ந்து துளியாகும். நீண்டநேரம் வேலை செய்பவர்கள் கைப்பிடிக்கு அருகே இரண்டாவது சிறு பொறி ஒன்றை மாட்டுவது அதனால்தான்.