மொழியால் வரையப்பட்ட எல்லையும் மொழி கருதாத தொகுதியும்: பள்ளிப்பட்டுச் சட்டமன்றத் தொகுதியின் வரலாறும் அமைப்பும்

ஆய்வுச்சுருக்கம்

தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டோர் செறிந்து வாழும் பள்ளிப்பட்டு, 1960 இல் மொழியின் அடிப்படையில் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு இணைக்கப்பட்ட பகுதி. அதன் பெயரில் இருந்த சட்டமன்றத் தொகுதி 2008 ஆம் ஆண்டு மறுவரையறையில் மறைந்தது. மாநில எல்லையை வகுக்க அளவுகோலாக இருந்த மொழி, தொகுதி எல்லையை வகுக்கும் சட்டத்தில் இடம்பெறவில்லை என்பதையும் அதன் விளைவையும் கனடாவின் பிரெஞ்சு மொழித் தொகுதி ஒன்றோடு ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பள்ளிப்பட்டு, தொகுதி மறுவரையறை, மொழிச் சிறுபான்மையினர், படாஸ்கர் தீர்ப்பு, அக்காடி–பாதர்ஸ்ட்.

முன்னுரை

கனடாவின் நியூ பிரன்சுவிக் மாகாணத்தின் வடகிழக்குக் கரையில் அக்காடி–பாதர்ஸ்ட் என்னும் நாடாளுமன்றத் தொகுதி அமைந்துள்ளது. அதன் மக்களுள் பெரும்பாலோர் பிரெஞ்சு பேசுவோர். 1755 இல் தொடங்கிப் பிரித்தானியரால் நாடு கடத்தப்பட்ட அக்காடியரின் வழியினர் அவர்களுள் மிகுதி. 2003 இல் எல்லை ஆணையம் இத்தொகுதியின் சில பகுதிகளைப் பிரித்து, ஆங்கிலம் பேசுவோர் மிகுந்த அண்டைத் தொகுதியான மிராமிஷியோடு சேர்த்தது. மக்கள் வழக்குத் தொடுத்தனர். 2004 இல் கூட்டாட்சி நீதிமன்றம் ஆணையத்தின் முடிவைச் செல்லாததாக்கியது. 2005 இல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றிப் பழைய எல்லையை மீட்டளித்தது.

தமிழகத்தின் வட எல்லையில் இதற்கு நெருங்கிய நிகழ்வொன்று உண்டு. அங்கு ஒரு தொகுதி முழுமையாகவே மறைந்தது. ஆயின் மொழி குறித்த வினா எந்த நிலையிலும் எழவில்லை. அது ஏன் எழவில்லை என்பதே இக்கட்டுரையின் வினா.

மூன்று தேர்தல்கள், இரண்டு தலைநகரங்கள்

திருத்தணிக்கு வடமேற்கே, கொசஸ்தலை ஆற்றையொட்டி அமைந்த பள்ளிப்பட்டு, தெலுங்கு மரபினரான கார்வேட்டிநகர ஜமீன்தாரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த நிலப்பரப்பைச் சார்ந்தது. வட ஆர்க்காட்டின் பகுதியாக இருந்த இவ்வட்டாரம், 1911 இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதனோடு சேர்ந்தது. இரு மொழியினரும் அடுத்தடுத்த ஊர்களிலும், பல இடங்களில் ஒரே ஊரின் அடுத்தடுத்த தெருக்களிலும் வாழ்ந்த நிலம் இது. பொதட்டூர்ப்பேட்டையிலும் நகரியிலும் நெசவே முதன்மைத் தொழில். இன்று அவ்விரு ஊர்களுக்கும் இடையே மாநில எல்லை ஓடுகிறது.

1953 அக்டோபர் 1 இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் முழுவதும் அதனோடு சென்றது. ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகம் நடத்திய வட எல்லைப் போராட்டமும், மங்கலங்கிழார், கே. விநாயகம் ஆகியோரின் பங்களிப்பும் பலராலும் எழுதப்பட்டுள்ளன. அவற்றை இங்கு விரிக்க வேண்டியதில்லை. இக்கட்டுரைக்கு வேண்டியது எல்லை வகுத்த முறை. இரு மாநில அரசுகளின் இசைவோடு நடுவராக அமைந்த எச்.வி. படாஸ்கர் கிராமத்தை அலகாகவும், நிலத்தொடர்ச்சியையும் பெரும்பான்மை மொழியையும் அளவைகளாகவும் கொண்டார். அவர் தீர்ப்பைச் செயற்படுத்திய 1959 ஆம் ஆண்டு எல்லை மாற்றச் சட்டம் 1960 ஏப்ரல் 1 இல் நடைமுறைக்கு வந்தது. திருத்தணி வட்டத்தின் பெரும்பகுதியும் பள்ளிப்பட்டுப் பகுதியும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. சத்தியவேடு உள்ளிட்ட பகுதிகள் ஆந்திரத்துக்குச் சென்றன.

நிலத்தொடர்ச்சி என்னும் அளவை தன் இயல்பிலேயே எச்சங்களை விட்டுச் செல்வது. தமிழ்க் கிராமங்களுக்கு நடுவே நின்ற தெலுங்குக் கிராமம் இப்பக்கம் தங்கியது. தெலுங்குக் கிராமங்களுக்கு நடுவே நின்ற தமிழ்க் கிராமம் அப்பக்கம் தங்கியது. கிராமத்தினுள் இருந்த சிறுபான்மையை இம்முறை கணக்கில் கொள்ளவே இயலாது. ஆகவே பள்ளிப்பட்டின் தெலுங்கரையும் நகரி, புத்தூர்ப் பகுதித் தமிழரையும் ஒரே கோட்டின் இரு விளைவுகளாகக் காண்பதே பொருந்தும். நம் எல்லை வரலாற்று நூல்கள் பின்னவரைப் பற்றி நிறையப் பேசுகின்றன. முன்னவரைப் பற்றி அரிதாகவே பேசுகின்றன.

இம்மாற்றங்களை வாக்காளர் நிலையிலிருந்து நோக்கினால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது. இப்பகுதி மக்கள் 1952 இல் சென்னைச் சட்டமன்றத்துக்கும், 1955 இல் ஆந்திரச் சட்டமன்றத்துக்கும், 1962 இல் மீண்டும் சென்னைச் சட்டமன்றத்துக்கும் வாக்களித்தனர். பத்தாண்டுக் காலத்தில், வீடு மாறாமலே, இரண்டு மாநிலங்களின் அவைகளைத் தேர்ந்தனர். எல்லை மாற்றத்தின்போது ஆந்திரச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் சென்னைக்கு ஒதுக்கப்பட்டார். சென்னைச் சட்டமன்றத்தின் உறுப்பினர் எண்ணிக்கை 205 இலிருந்து 206 ஆக உயர்ந்தது. நிலத்தோடு அதன் பிரதிநிதியும் இடம்பெயர்ந்தார் என்பது கருதத்தக்கது.

தொகுதியின் தன்மை

பின்னாளில் பள்ளிப்பட்டு தன் பெயரிலேயே தொகுதியாக விளங்கியது. (தேர்தல் ஆணையத்தின் ஆங்கிலப் பட்டியல்களில் இது 'பள்ளிப்பேட்' என்ற வடிவில் காணப்படுவதை ஆவணம் தேடுவோர் நினைவிற்கொள்ள வேண்டும்.) 1989, 1991 தேர்தல்களில் காங்கிரசின் ஏ. ஏகாம்பர ரெட்டியும், 1996 இல் தமிழ் மாநில காங்கிரசின் சார்பிலும் 2006 இல் காங்கிரசின் சார்பிலும் இ.எஸ்.எஸ். ராமனும் வென்றனர். இவ்வரிசை தமிழகம் தழுவிய கூட்டணி அரசியலின் போக்கை ஒட்டியதே. மொழியை முன்னிறுத்திய கட்சி எதுவும் இங்கு வேரூன்றவில்லை. எனவே பள்ளிப்பட்டைத் 'தெலுங்குத் தொகுதி' என்று முத்திரையிடுவது பிழையாகும். இரு மொழி வாக்காளரையும் புறக்கணிக்க இயலாத தொகுதி என்பதே தகும்.

மறைவு

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அடிப்படையில் நடந்த மறுவரையறை 2008 இல் நடைமுறைக்கு வந்தது. மாநிலத்தின் மொத்த இடங்கள் 234 என்பதில் மாற்றமில்லை. மாநில மக்கள்தொகையை 234 ஆல் வகுத்தால் தொகுதிக்குச் சராசரியாக ஏறத்தாழ 2.67 இலட்சம் பேர் வருவர். சென்னைப் புறநகரின் வளர்ச்சி இக்கணக்கைத் திருவள்ளூர் மாவட்டத்தில் பெரிதும் புரட்டியது. பழைய வில்லிவாக்கம் போன்ற பெருந்தொகுதிகள் உடைந்து ஆவடி, அம்பத்தூர், மதுரவாயல், மாதவரம் ஆகியவை தோன்றின. மாவட்டத்தின் இடங்கள் எட்டிலிருந்து பத்தாக உயர்ந்தன. அதே மாவட்டத்தின் மேற்கு மூலையில் பள்ளிப்பட்டு மறைந்து திருத்தணியில் கலந்தது. தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் பெருகிய கிழக்கு, தறியையும் வயலையும் நம்பிய மேற்கைவிடக் கூடுதல் எடை பெற்றது.

மக்கள்தொகைச் சமன்மை என்னும் நெறியில் குறை காண இடமில்லை. குறை அந்நெறியோடு வேறெவை கருதப்பட வேண்டும் என்பதில் உள்ளது. 2002 ஆம் ஆண்டுத் தொகுதி வரையறைச் சட்டத்தின் 9 ஆம் பிரிவு நில அமைப்பு, நிர்வாக அலகுகளின் எல்லை, போக்குவரத்து வசதி, பொதுமக்கள் வசதி ஆகியவற்றைக் கருதுமாறு கூறுகிறது. மொழி அதில் இல்லை. கனடியச் சட்டத்தின் 15 ஆம் பிரிவோ சமூக நலன் அல்லது சமூக அடையாளம், தொகுதியின் வரலாற்று அமைப்பு ஆகியவற்றைக் கருதுமாறு ஆணையத்தைப் பணிக்கிறது. அவற்றின் பொருட்டு, சராசரியிலிருந்து 25 விழுக்காடு வரை விலக இடமளிக்கிறது. 2004 தீர்ப்பு இப்பிரிவின் மீதே நின்றது. இந்தியாவில் ஆணையத்தின் உத்தரவை நீதிமன்றத்தில் வினவுவதற்கு அரசமைப்பின் 329 ஆம் உறுப்பும் தடையாக உள்ளது. கனடாவில் பிரெஞ்சு நாடு தழுவிய ஆட்சிமொழி, தமிழகத்தில் தெலுங்கு அவ்வாறன்று என்னும் வேறுபாடும் உண்மையே. ஆயினும் அக்காடியர் வென்றது ஆட்சிமொழித் தகுதியால் அன்று, எல்லைச் சட்டத்தில் இருந்த சில சொற்களால்.

விகிதம் மாறுதல்

தொகுதி மறைந்த காலமும் கருதத்தக்கது. பள்ளிப்பட்டு தன் கடைசி உறுப்பினரைத் தேர்ந்த 2006 இலேயே தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம் நிறைவேறியது. 2006–07 இல் முதல் வகுப்பில் தொடங்கிய கட்டாயத் தமிழ், ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி, 2015–16 இல் பத்தாம் வகுப்பை எட்டியது. பள்ளிப்பட்டு போன்ற எல்லைப்புற வட்டங்களின் தெலுங்கு வழி மாணவர்க்கு அப்போதுதான் அது பொதுத்தேர்வுச் சிக்கலாயிற்று. விலக்குக் கோரிக்கைகள் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும், பின் உச்ச நீதிமன்றத்துக்கும் சென்றன. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் விலக்கை மேலும் ஓராண்டு நீட்டித்தது. சட்டமன்றத்தில் இயற்றப்பட்டது நீதிமன்றத்தில், ஆண்டுக்கு ஆண்டு, தீர்வு தேடியது. தனித்தொகுதி நீடித்திருந்தால் இது வேறுவகையில் முடிந்திருக்கும் என்று கூறச் சான்றில்லை. வாக்குக் கேட்டு வரும் வேட்பாளர் இச்சிக்கலுக்கு விடை கூறியே தீரவேண்டிய களம் ஒன்று இல்லாமற்போனது என்பதைக் கூறலாம்.

இணைப்பின் விளைவு விகிதக் கணக்கிலும் உண்டு. ஒரு தொகுதியில் மொழிச் சிறுபான்மையினர் 20 விழுக்காடும் அதற்கு மேலும் இருப்பின் வாக்காளர் பட்டியலை அம்மொழியிலும் வெளியிடுவது தேர்தல் ஆணையத்தின் நடைமுறை. இங்குப் பங்கைக் கணிக்கும் அடித்தளம் தொகுதியே. பள்ளிப்பட்டுத் தொகுதிக்குள் கணக்கிடப்பட்ட தெலுங்கு வாக்காளர் 2011 தேர்தல் முதல் திருத்தணித் தொகுதிக்குள் கணக்கிடப்படுகின்றனர். நாடாளுமன்றத் தேர்தலில் அத்தொகுதி அரக்கோணத்தைச் சேர்கிறது; அதன் மற்ற ஐந்து சட்டமன்றத் தொகுதிகளும் இன்றைய இராணிப்பேட்டை, வேலூர் மாவட்டங்களுக்கு உட்பட்டவை. ஒரு தெலுங்குக் குடும்பம் அதே ஊரில் அதே வீட்டில் இருக்கிறது. அது இடம்பெறும் விகிதம் மட்டும் ஒவ்வொரு எல்லைக்கும் வேறாகிறது.