வணக்கத்துக்குரிய ஆயர் பிரெசில்லாக்: பீட மகிமையை நோக்கிய நெடுவழி

மறைபரப்ப வந்த ஆயர் ஒருவர் புனிதர் நிலையை நோக்கி உயர்த்தப்படும் முறையைப் பற்றி எழுதும்படி மலர்க்குழுவினர் பணித்தார்கள். அன்புக் கட்டளை, தட்ட இயலவில்லை. புனித யோசவ் வாஸ் அடிகளாரைப் பற்றி இங்கே நான் விரித்துரைக்கப் போவதில்லை. 2015 ஜனவரி 14 அன்று காலிமுகத்திடலில் அவர் புனிதராக உயர்த்தப்பட்டதை இரத்தினபுரி, கேகாலைத் தோட்டத்து மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தவிரவும் அவர் ஓரத்தோரியன் சபைக் குரு, ஆயர் அல்லர். ஆகவே நம்மவர் அதிகம் கேள்விப்படாத ஒருவரை எடுத்துக்கொள்கிறேன். நம் முன்னோர் கடல் கடந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், அவர்கள் விட்டுவந்த தமிழகத்தில் பணியாற்றிய பிரெஞ்சுக்காரர் அவர்: மெல்கியோர் தெ மரியோன் பிரெசில்லாக்.

அவருக்கும் சப்ரகமுவைக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். கொழும்பின் முதல் பேராயர் கிறிஸ்தோபர் பொன்ஜீன் ஆண்டகை அமலமரித் தியாகிகள் சபையில் சேர்ந்து யாழ்ப்பாணம் வருவதற்கு முன் கோயம்புத்தூர் மறைத்தளத்தில் இளங்குருவாக இருந்தவர். அங்கே அவருக்கு ஆயராக இருந்தவர் பிரெசில்லாக். 1893இல் காலி மறைமாவட்டம் பிரியும்வரை நம் மலைகள் கொழும்பின் கீழ்தான் இருந்தன. ஆக, பொன்ஜீன் ஆண்டகையின் கோலுக்குக் கீழிருந்த நம் பாட்டன்மார், பிரெசில்லாக்கிடம் பணி பழகிய ஒருவரின் மந்தைதான். இந்த உறவுமுறையை நம் வரலாற்று நூல்கள் கவனியாமல் விட்டது எனக்கு எப்போதும் வியப்பு.

1813 டிசம்பர் 2 அன்று தென் பிரான்சின் கஸ்தெல்நோதாரி என்ற ஊரில், பழைய பிரபுக் குடும்பம் ஒன்றின் மூத்த மகனாகப் பிறந்தார். 1838இல் குருவானார். பாரீசு அந்நிய மறைபரப்புச் சபையில் சேர்ந்து 1842 ஜூலையில் புதுச்சேரியில் கால்வைத்தார். சேலம் பக்கம் தமிழும் பணியும் பயின்றார். பின்பு புதுச்சேரிக் குருமடத்தின் பொறுப்பு அவரிடம் வந்தது. 1846 அக்டோபர் 4 அன்று கருமத்தம்பட்டியில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அது அக்டோபர் முதல் ஞாயிறு. அக்காலத்தில் ஜெபமாலை மாதா திருநாள் அந்த ஞாயிற்றில்தான் வந்தது (7ஆம் திகதி என்று நிலைத்தது 20ஆம் நூற்றாண்டில்). ஜெபமாலை மாதாவின் பெயரால் விளங்கும் ஆலயத்தில், அவள் திருநாளிலேயே, முப்பத்திரண்டு வயது இளைஞர் ஒருவர் கோயம்புத்தூரின் மேய்ப்பரானார். மாதம் ஒரு பூசைக்கு ஏங்கி, லயத்து முற்றத்தில் உபதேசியார் சொல்லச் சொல்ல ஜெபமாலை செபித்தே விசுவாசத்தைக் காத்த நம் மக்கள் இதை மனத்தில் வைக்கத்தக்கது.

அவர் வாழ்வில் ஒரே ஓர் எண்ணம்தான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக நின்றது: அந்தந்த மண்ணின் பிள்ளைகள் அந்தந்த மண்ணின் குருக்களாக வேண்டும், ஆயர்களாகவும் வேண்டும். இன்று இது சாதாரணமாகத் தோன்றும். அன்று அப்படி அல்ல. சுதேசிகளை உதவியாளராக வைத்துக்கொள்ளலாம், சமமாக உட்காரவைக்க இயலாது என்று நினைத்த மறைபரப்பாளர்கள் பலர். 1844இல் புதுச்சேரியில் ஆயர் பொன்னான் கூட்டிய சங்கம் சுதேசக் குருக்களை உருவாக்குவதை வலியுறுத்தியது. மறு ஆண்டு, 1845 நவம்பர் 23 அன்று, உரோமையின் விசுவாசப் பரப்புப் பேராயம் ‘நேமினெம் புரோஃபெக்தோ’ என்ற அறிவுறுத்தலை விடுத்தது. மறைபரப்பு நாடுகளில் சுதேசக் குருக்களை உருவாக்குங்கள், அவர்களை ஆயர் பொறுப்புக்கும் தகுதிப்படுத்துங்கள் என்பதே அதன் சாரம்.

இதற்கெல்லாம் வேர் வேதத்தில் இருக்கிறது. பவுல் அடிகளார் தீத்துவுக்கு எழுதிய திருமுகத்தின் முதல் அதிகாரத்தில், கிரேத்தாத் தீவில் உன்னை ஏன் விட்டுவந்தேன் என்பதற்குக் காரணம் சொல்கிறார்: நகர்தோறும் மூப்பர்களை ஏற்படுத்தத்தான். திருத்தூதர் பணிகள் 14ஆம் அதிகாரத்திலும் பவுலும் பர்னபாவும் சபைதோறும் மூப்பர்களை நியமித்து, நோன்பிருந்து மன்றாடி, அவர்களை ஆண்டவரிடம் ஒப்படைத்துவிட்டு நடையைக் கட்டுகிறார்கள். அந்தியோக்கியாவிலிருந்து ஆள் வரும்வரை காத்திருங்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. திருத்தூதர்களுக்கு இருந்த இந்த நம்பிக்கை பதினெட்டு நூற்றாண்டுக்குப் பிறகு ஏன் மங்கியது என்பதே பிரெசில்லாக்கின் கேள்வி.

அவர் கருத்து அவரோடு மடியவில்லை. 1893இல் பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் ‘அட் எக்ஸ்த்ரேமாஸ்’ என்ற மடலை எழுதி, இந்தியாவுக்கும் இலங்கைக்குமாகக் கண்டி அம்பிட்டியவில் பாப்பரசர் குருமடத்தை நிறுவினார். இந்தியாவின் பிள்ளைகளே அதன் மீட்புக்குப் பணியாளராவர் என்பதே அதன் விருதுவாக்கின் பொருள். அதை நடத்த வந்த பெல்ஜிய இயேசு சபையாரிடமே காலி மறைமாவட்டமும் ஒப்படைக்கப்பட்டது. நம் சப்ரகமுவ அதற்குள் அடங்கியது. 1919இல் 15ஆம் ஆசீர்வாதப்பர் ‘மாக்சிமும் இல்லுட்’ மடலில் அதே கருத்தை உலகத் திருச்சபை முழுவதற்கும் சொன்னார். கருமத்தம்பட்டிக்காரர் எழுபது ஆண்டுக்கு முன்பே இதைச் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது தமிழ்க் கிறிஸ்தவனுக்குப் பெருமைதான்.

ஆனால் அவருடைய ஆயர் பணி வெற்றியில் முடியவில்லை. மலபார்ச் சடங்குகள் பற்றிய பழைய வழக்கு அவரை வாட்டியது. சாதி வழக்கங்களில் எது ஊர்ப் பழக்கம், எது விசுவாசத்துக்கு விரோதம் என்பதில் 1744இல் 14ஆம் ஆசீர்வாதப்பர் தீர்ப்புச் சொல்லியிருந்தார். மறைபரப்பாளர்கள் அதற்கு ஆணையிட்டுக் கொடுத்தார்கள்; நடைமுறையில் ஆளுக்கொரு விளக்கம் கொடுத்தார்கள். ஆணையிட்டதை மனச்சாட்சிக்கு விரோதமாக வளைக்க அவரால் முடியவில்லை. லயத்துக்கு லயம் சாதி பார்த்துக் குடியிருந்த காலத்தை அறிந்த நம் பெரியவர்களுக்கு இந்தச் சங்கடம் விளங்கும். 1854இல் உரோமைக்குப் போய் முறையிட்டார். அவர் வேண்டிய தெளிவு கிடைக்கவில்லை. மறு ஆண்டு அவருடைய பதவி விலகல் ஏற்கப்பட்டது. இதைத் தோல்வி என்று எழுத நான் தயங்கமாட்டேன். புனிதர் வரலாறு எழுதுகிறவர்கள் தோல்விகளைப் பூசி மெழுகுவது அந்தப் புனிதர்களுக்கே செய்யும் அநியாயம்.

பிறகு ஆப்பிரிக்கா. 1856 டிசம்பர் 8 அன்று லியோன் நகரின் ஃபூர்வியேர் மாதா கோயிலில் ஒரு சில தோழர்களோடு ஆப்பிரிக்க மறைபரப்புச் சபையைத் தொடங்கினார். 1859 மே 14 அன்று சியரா லியோனின் ஃபிரீடவுனில் இறங்கினார். ஊரில் கொள்ளைக் காய்ச்சல். ஜூன் 25 அன்று, ஆறே வாரத்தில், 45ஆம் வயதில் மரித்தார். உடன் உழைத்தவர்களில் பெரும்பாலோரும் அதே மாதத்தில் மாண்டார்கள். கோதுமை மணியைப் பற்றி யோவான் 12ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்னது இந்த மனிதர் விடயத்தில் எழுத்துக்கெழுத்து நிறைவேறியது. லியோனில் இருந்த பிளாங்க் அடிகளார் சபையைக் கைவிடாமல் காத்தார். இன்று அந்தச் சபையில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் குருக்களாகி ஆப்பிரிக்கா போகிறார்கள்.

இனி புனிதர் நிலைக்கான வழி. முற்காலத்தில் மக்களின் குரலும் அந்தந்த ஆயரின் இசைவுமே போதும். உரோமைப் பாப்பரசர் முறைப்படி புனிதர் என அறிவித்ததற்கு நமக்குத் தெரிந்த முதல் சான்று 993ஆம் ஆண்டினது. அறிவிக்கப்பட்டவரும் ஓர் ஆயரே, அவுக்ஸ்பர்க் நகரத்து உல்ரிக். 17ஆம் நூற்றாண்டில் 8ஆம் உர்பான் கட்டுப்பாடுகளை இறுக்கினார். இன்றைய நடைமுறை 1983இல் 2ஆம் அருளப்பர் சின்னப்பர் வகுத்தது. வழக்குத் தொடங்கியவரை இறையடியார் என்கிறோம். அவர் எழுதிய ஒவ்வொரு தாளும் படித்துப் பார்க்கப்படும். பிரெசில்லாக் கடிதங்களும் இந்தியப் பணிக்கால நினைவுக் குறிப்புகளும் நிறைய எழுதியவர்; ஆய்வாளர்களுக்கு வேலை குறைவாக இருந்திருக்காது. அவருடைய புண்ணியங்கள் வீரத்துவம் வாய்ந்தவை என்ற ஆணைக்குப் பாப்பரசர் பிரான்சிஸ் 2020 மே 26 அன்று அனுமதி தந்தார். அன்றுமுதல் அவர் வணக்கத்துக்குரியவர். கொவிட் நோயால் ஆலயக் கதவுகள் மூடிக்கிடந்த வாரங்கள் அவை. நம் பக்கத்தில் அச்செய்தியைக் கவனித்தவர் அரிது. 1995 நவம்பர் 2 அன்று உருவான நம் இரத்தினபுரி மறைமாவட்டத்துக்கும் அது வெள்ளிவிழா ஆண்டு.

இன்னும் இரண்டு படிகள் உள்ளன. முத்திப்பேறு பெற்றவராக ஒரு புதுமை வேண்டும்; புனிதராக மற்றொன்று. மறைசாட்சிகளுக்கு முதல் புதுமையிலிருந்து விலக்கு உண்டு. யோசவ் வாஸ் அடிகளாருக்கு இரண்டாம் புதுமையைப் பிரான்சிஸ் பாப்பரசரே தவிர்த்துக்கொடுத்தது தனிச் சலுகை. புதுமை பெரும்பாலும் நோய் குணமாதலே. அது உடனடியாக, முழுமையாக, நிலைத்ததாக, மருத்துவத்தால் விளக்க முடியாததாக இருக்கவேண்டும். மருத்துவர்களும் இறையியலாரும் கர்தினால்மாரும் ஆராய்ந்த பிறகே பாப்பரசரின் முடிவு.

இங்கேதான் நம் பங்கு வருகிறது. வணக்கத்துக்குரியவர் நிலையில் இருப்பவருக்குப் பொது வழிபாடு செலுத்தக் கூடாது. பீடத்தில் சுரூபம் வைக்கவோ அவர் பெயரால் திருநாள் கொண்டாடவோ அனுமதி இல்லை. தனிச் செபத்துக்குத் தடையில்லை. எபிரேயர் திருமுகம் 13ஆம் அதிகாரம், இறைவார்த்தையை நமக்கு அறிவித்த தலைவர்களை நினைவில் வைத்து அவர்களது விசுவாசத்தைப் பின்பற்றச் சொல்கிறது. பலாங்கொடையானாலும் எட்டியாந்தோட்டையானாலும், தோட்டத்து ஆஸ்பத்திரி கைவிட்டு இரத்தினபுரிக்கோ கேகாலைக்கோ நோயாளியைத் தூக்கிக்கொண்டு ஓடும் வேளையில் ஆயர் பிரெசில்லாக்கின் பரிந்துரையை மன்றாடுங்கள். அவர் ஏங்கியது சுதேசக் குருக்களுக்காக. நம் லயங்களிலிருந்து பிள்ளைகளைக் குருமடத்துக்கு அனுப்ப மனம் வையுங்கள். அசாதாரணக் குணம் கிடைத்தால் வைத்திய அறிக்கைகளையும் மருந்துச் சீட்டுகளையும் எறிந்துவிடாமல் பத்திரப்படுத்தி, பங்குத்தந்தை வழியாக ஆயர் இல்லத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.