ஜர்னி இன் சச்சிதானந்தா

ஜர்னி இன் சச்சிதானந்தா என்பது, ஹார்ப் என்னும் பெரிய நரம்பிசைக் கருவியையும் பியானோவையும் வாசித்த அமெரிக்கக் கலைஞர் ஆலிஸ் கோல்ட்ரேன் (1937–2007) உருவாக்கி, இம்பல்ஸ் நிறுவனம் 1971இல் வெளியிட்ட ஜாஸ் இசைத்தட்டாகும். சோதனை முயற்சியாகவும் கற்பனை வாசிப்பை முதன்மையாகக் கொண்டதாகவும் அமைந்த இத்தொகுப்பு, பின்னர் வினைல் தட்டாகப் பலமுறை மறுவெளியீடு பெற்றது.

பெயர்க் காரணம்

தொகுப்பின் பெயரில் இடம்பெறும் சுவாமி சச்சிதானந்தர், கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் 1914இல் பிறந்தவர். நெல்லைச் சீமையின் பத்தமடையில் பிறந்து ரிஷிகேசத்தில் ஆசிரமம் நிறுவிய சுவாமி சிவானந்தரிடம் துறவு ஏற்று, இலங்கையில் பல ஆண்டுகள் பணியாற்றியபின் 1966இல் நியூயார்க் சென்று, 1969இல் வுட்ஸ்டாக் இசைவிழாவின் தொடக்கத்தில் உரையாற்றினார். கணவரும் சாக்ஸபோன் மேதையுமான ஜான் கோல்ட்ரேன் 1967இல் மறைந்தபின் துயரில் ஆழ்ந்திருந்த ஆலிஸ், சச்சிதானந்தரைக் குருவாக ஏற்றார்.

இசையமைப்பு

ஐந்து உருப்படிகளில் நான்கு, நியூயார்க் மாநிலத்தின் டிக்ஸ் ஹில்ஸில் ஆலிஸின் இல்லத்திலிருந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் 1970 நவம்பரில் பதிவாயின. 'ஐசிஸ் அண்ட் ஒசைரிஸ்' என்னும் இறுதி உருப்படி, அதே ஆண்டு ஜூலையில் வில்லேஜ் கேட் அரங்கில் நிகழ்ந்த கச்சேரியில் பதிவானது. ஃபாரோ சாண்டர்ஸ் சொப்ரானோ சாக்ஸபோனும் செசில் மெக்பீ பாஸும் ரஷீத் அலி டிரம்ஸும் துளசி என்பவர் தம்பூராவும் வாசிக்க, இறுதி உருப்படியில் சார்லி ஹேடன் பாஸும் விஷ்ணு வுட் 'ஊத்' என்னும் அரபு நாட்டு நரம்புக் கருவியும் வாசித்தனர். வழக்கமான ஜாஸில் அடுத்தடுத்து மாறிச் செல்லும் சுரக்கூட்டுகளின்மீது கற்பனை விரிய, தலைப்பு உருப்படியிலோ தம்பூராவின் மாறாத சுருதியும் பாஸின் திரும்பத் திரும்ப வரும் சிறு சொற்றொடரும் அடித்தளமாக நிற்கின்றன; அவற்றின்மேல் ஹார்ப்பும் சாக்ஸபோனும் முன்னரே எழுதிவைக்காத வாசிப்பை விரிக்கும் முறை, சுருதியில் ஊன்றிய கருநாடக இசையின் மனோதர்மத்தை நினைவூட்டினாலும், இராக இலக்கணத்துக்கு அது கட்டுப்பட்டதன்று.

வினைல் மறுவெளியீடு

வினைல் என்பது, பெரம்பலூர், அரியலூர் போன்ற பகுதிகளில் திருமண வீடுகளிலும் திருவிழாக்களிலும் மைக் செட்காரர்கள் ஒரு காலத்தில் சுழலவிட்ட பிளாஸ்டிக் இசைத்தட்டேயாகும். மூல நாடாவின் ஒலி, அரக்குப் பூசிய உலோகத் தகட்டில் சுருள் பள்ளமாக வெட்டப்பட்டு, அதிலிருந்து மின்முலாம் வழியே நிக்கல் அச்சு எடுக்கப்பட்டு, சூடான பிளாஸ்டிக்கில் அவ்வச்சு அழுத்தப்படுகிறது. எனவே மறுவெளியீடு என்பது பழைய தட்டை நகலெடுப்பதன்று. எந்த நாடாவிலிருந்து, யார், எத்தகைய ஒலிச்சமனுடன் புதிய பள்ளத்தை வெட்டினார் என்பதே தரத்தை முடிவு செய்கிறது. தம்பூராவின் நுண்ணிய ரீங்காரமும் ஹார்ப்பின் மெல்லிய முடிவொலிகளும் நிறைந்த இத்தொகுப்பில் அவ்வேறுபாடு எளிதில் புலப்படும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழலும் தட்டில் ஊசி மையத்தை நெருங்க நெருங்க ஒரு சுற்றின் நீளம் குறைந்து உச்சத் தொனிகள் மங்கக்கூடும் என்பதால், பதினொரு நிமிடத்துக்கு மேல் நீளும் இறுதி உருப்படியை இரண்டாம் பக்கத்தின் முடிவில் வெட்டுவதற்குத் தனித் திறன் வேண்டும்.

தொடர்புடைய வெளியீடு

சச்சிதானந்தரின் ஒருங்கிணைந்த யோக நிறுவனத்துக்கு நிதி திரட்ட, 1971 பிப்ரவரி 21 அன்று நியூயார்க்கின் கார்னகி மண்டபத்தில் நடந்த நிகழ்ச்சியில் ஆலிஸ் குழுவினர் வாசித்த கச்சேரி, 2024இல் முழுமையாக இரட்டை வினைல் தட்டாக முறைப்படி வெளிவந்தது. ஜர்னி இன் சச்சிதானந்தா தொகுப்பின் தலைப்பு உருப்படியும் 'சிவ லோகா' என்னும் உருப்படியும் அதில் வேறு விரிவுடன் அமைந்திருப்பதால், ஒரே உருப்படி மனோதர்மத்தால் எவ்வாறு மாறுகிறது என்பதை ஒப்பிட்டு அறிய விரும்புவோர் இரு தட்டுகளையும் சேர்த்துக் கேட்பது தகும்.