தரையில் கம்பளம், தோளில் கம்பளி

எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய ஏழு தொகுதிகளில் சேர்வராயன் மலை மக்களுக்கும் இடம் உண்டு. அவர் காட்டும் மலைக்காரருக்கு இடுப்பில் சிறு துணி, தலையில் பாகை, மேலே ஒரு பழுப்புக் கம்பளி. குளிருக்கு மேற்கோட்டு, மழைக்கு மழைக்கோட்டு, மற்ற நேரத்தில் போர்வை எல்லாம் அந்த ஒரு கம்பளிதான். ஆங்கிலத்தில் எழுதும்போதும் துணியின் பெயரைக் கம்பளி என்றே வைத்திருக்கிறார். நூறாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. வெள்ளக்கடை முதலான ஏற்காட்டு மலையூர்களில் பனிக்காலத்தில் போர்த்துவதற்குப் பெயர் இன்றும் கம்பளிதான். பெயர் அப்படியே இருக்க, துணி மட்டும் வேறாகிவிட்டது. எப்படி ஆயிற்று என்பதைச் சொல்லின் வழியே தேடிப் பார்க்கலாம்.

அந்த மலைக்காரர்களுக்கு மலையாளி என்று பெயர். கேரளத்துக்கும் அவர்களுக்கும் தொடர்பில்லை; மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்ற பொருளில் வந்த தமிழ்ப் பெயர். காஞ்சியிலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் வந்தார்கள், மூத்தவர் சேர்வராயனிலும் மற்றவர்கள் பச்சைமலையிலும் கொல்லிமலையிலும் குடியேறினார்கள் என்பது அவர்கள் சொல்லும் குலக்கதை. அவர்கள் உழவர்கள்; நெசவு அவர்கள் தொழில் அல்ல. ஆகவே கம்பளி கீழ்நாட்டிலிருந்துதான் மலையேற வேண்டும். நெய்தவர்கள் குறும்பர்கள். பழைய சேலம் ஜில்லாவின் வடபாதியான ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கங்களில் ஆடு மேய்த்து, அந்த ஆட்டின் மயிரையே நெய்து பிழைத்த குடி அது. தருமபுரி 1965-இல்தான் தனி மாவட்டமானது.

சொல்லோ இன்னும் தொலைவிலிருந்து வருகிறது. அதர்வ வேதத்தின் திருமணப் பகுதியில் ‘கம்பல’ வருகிறது. பாணினியின் இலக்கணத்தில் ஒரு சூத்திரமே இந்தச் சொல்லுக்காக இருக்கிறது. கம்பலத்திலிருந்து ‘கம்பல்ய’ என்றொரு பெயர் பிறக்கும் என்பது அதன் சாரம். நூறு பலம் எடையுள்ள ஆட்டுமயிர் என்று உரைகாரர்கள் அதற்குப் பொருள் தருகிறார்கள். நெய்து முடித்த துணியின் பெயரால் மூலப்பொருளை அளந்திருக்கிறார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், தமிழிலும் பின்னால் இதே திசையில்தான் சொல் நடக்கப்போகிறது. கௌடிலியரின் அர்த்தசாத்திரம் கருவூலத்தில் சேர வேண்டிய பொருள்களில் கம்பல வகைகளை வரிசைப்படுத்துகிறது. அவற்றில் ஒன்று நேபாளத்திலிருந்து வந்தது. எட்டுத் துண்டுகளைச் சேர்த்துத் தைத்தது, நிறம் கறுப்பு, மழையைத் தடுப்பது. சேர்வராயன் மலைக்காரர் தோளில் கிடந்ததன் மூத்த உறவு அது என்று எனக்குத் தோன்றுகிறது.

தமிழில் இந்தத் துணியின் இழைக்கு முதலில் நின்ற சொல் வேறு. சிலப்பதிகாரம் புகார் நகரத்தின் நெசவாளர் தெருவைச் சொல்லும்போது பட்டு, பருத்தி இரண்டோடு மயிரையும் வைக்கிறது. ஆட்டு ரோமமானாலும் வேறு விலங்கின் ரோமமானாலும் நெய்யத் தகுந்த இழைக்கு அன்று மயிர் என்றே பெயர்; அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. மணிமேகலையில் கம்பளச் செட்டி வருகிறார். நாக இளவரசி பீலிவளை தன் குழந்தையை ஒப்படைத்தது அவருடைய கப்பலில்தான். அந்தக் கப்பல் கவிழ்ந்ததில் தொடங்கிய துயரம் இந்திர விழாவை நிறுத்திப் புகாரைக் கடல் கொள்வதில் முடிகிறது. காப்பியத்தின் திருப்பத்தில் நிற்கும் ஒரு வணிகருக்குக் கம்பளத்தை அடைமொழியாக வைத்துப் பெயர் வழங்கியிருக்கிறது. வடக்கே லகரமாக இருந்தது தெற்கே ளகரமாயிற்று. கன்னடத்திலும் தெலுங்கிலும் கம்பளி, மலையாளத்தில் கம்பிளி, சிங்களத்தில் கம்பிளிய.

தமிழ் அந்த ஒரு சொல்லை இரண்டாகப் பிரித்துக்கொண்டது. கம்பளம் தரைக்குப் போயிற்று: இரத்தினக் கம்பளம், இப்போது செங்கம்பள வரவேற்பு. கம்பளி உடம்போடு தங்கிற்று. இந்தப் பிரிவினைக்கு நடுவில் ஒரு பழைய வழக்கம் நிற்கிறது. இராஜகம்பளத்தார் எனப்படும் தொட்டிய நாயக்கர்களின் குலக்கூட்டத்தில் கம்பளியை விரித்து, நீரும் வேப்பிலையும் நிறைந்த கலசத்தை அதன்மேல் வைத்து வழக்குத் தீர்ப்பார்கள். விரித்தால் கம்பளம், போர்த்தினால் கம்பளி, துணி ஒன்றுதான். ஆட்டிடையரின் முரட்டுப் போர்வை நியாயத்தின் இருக்கையாகவும் ஆகியிருக்கிறது.

இனி அந்தத் துணி எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். ஆட்டை முதலில் குளத்திலோ ஆற்றிலோ இறக்கிக் குளிப்பாட்டுவார்கள். ஈரம் உலர்ந்ததும் கால்களைக் கட்டிப் படுக்கவைத்து, பெரிய கத்தரியால் தோலை ஒட்டி மயிரை வெட்டுவார்கள். வெட்டிய மயிரில் முள்ளும் சருகும் சிக்கும் இருக்கும். கையால் பிரித்துப் போட்டு, வில்லின் நாணால் அடித்துப் பஞ்சாக்க வேண்டும். நூற்பது பெரும்பாலும் பெண்கள் வேலை. அடுத்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த கட்டம். ஆட்டுமயிர் நூலில் பிசிறு அதிகம், தறியில் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அதற்காகப் பாவு நூலுக்குப் புளியங்கொட்டைக் கஞ்சி போடுவார்கள். கொட்டையை ஊறவைத்து, அரைத்து, காய்ச்சி, கொழகொழவென்று ஆனதும் நீட்டிக் கட்டிய பாவின்மேல் தூரிகையால் இழுத்துத் தடவி வெயிலில் காயவிடுவார்கள். பிசிறு படிந்து, நூல் விறைத்துக் கம்பிபோல் நிற்கும். பிறகு குழித்தறியில் நெசவு. தறியின் அகலம் போதாவிட்டால் இரண்டு பட்டை நெய்து நடுவில் சேர்த்துத் தைப்பார்கள். கௌடிலியர் காலத்து முறை.

புதுக் கம்பளி மரப்பலகைபோல விறைத்து நிற்பது அந்தக் கஞ்சியால்தான். போர்த்தப் போர்த்த விறைப்பு போகும். மயிரின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. நனைந்து, உராய்ந்து, உலர்ந்து வரும்போது அவை ஒன்றையொன்று பற்றிக்கொள்ள, நெசவின் கண்கள் அடைபடும். ஆட்டின் உடம்புக் கொழுப்பும் இழையில் மிச்சம் இருப்பதால் தூறல் மேலேயே உருண்டு ஓடும். அடைமழையில் கம்பளி கனக்கும், ஆனாலும் உள்ளே சூடு இருக்கும். தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தைத் தோலுக்குத் தெரியாமல் உள்வாங்கும் இழை அது. இதற்குச் சாயமும் போடுவதில்லை. கறுப்பாட்டு மயிர் வெயிலில் கிடக்கக் கிடக்கப் பழுப்பேறும்.

மழையில் அதைப் போடும் விதத்துக்குக் கொங்குப் பக்கம் தனிப்பெயர் உண்டு: கொங்காணி. ஒரு மூலையை உள்ளே மடித்து எதிர் மூலைக்குள் செருகினால் தலைக்கு ஒரு கூடு கிடைக்கும், முதுகு முழுக்க மறையும், இரண்டு கையும் வேலைக்குக் காலியாக இருக்கும். பிற்பாடு கம்பளியின் இடத்துக்குக் கோணிச்சாக்கு வந்தது, அதற்குப் பின் உரச்சாக்கு. கொங்காணி என்ற பெயர் மாறவில்லை.

சொல்லின் கதையில் பெரிய திருப்பம் மயிர் என்ற சொல்லுக்கு நேர்ந்ததுதான். மயிர் மெல்ல மெல்ல வசைச்சொல்லாகிவிட்டது. கம்பளியில் சோற்றைப் போட்டுவிட்டு மயிர் மயிர் என்கிறதா என்ற பழமொழி பழைய உறவைப் பிடித்து வைத்திருக்கிறது, ஆனால் இன்று கடையில் போய் மயிர் நூல் வேண்டும் என்று யாரும் கேட்க முடியாது. உரோமம் புத்தகச் சொல்லாக நின்றுவிட்டது. அன்றாடப் பேச்சில் இழைக்குப் பெயர் இல்லாமல் போகவே, துணி தன் பெயரை இழைக்குக் கடன் கொடுத்தது. கம்பளி நூல், கம்பளிச் சட்டை, கம்பளி ஆடு. உடம்பில் மயிர் அடர்ந்த புழுவும் கம்பளிப்பூச்சி ஆயிற்று. துணியின் பெயர் இழைக்குப் போய், இழையிலிருந்து பொதுவாகக் குளிருக்குப் போடும் எதற்கும் போய், கடைசியில் ஆட்டையே பாராத அக்ரிலிக் போர்வைக்கும் போயிற்று.

இதே காலத்தில் கீழே ஆடும் மாறிற்று. சேலம் பக்கத்துப் பேர்பெற்ற ஆடு மேச்சேரி ஆடு. கறிக்கும் தோலுக்கும் உயர்ந்தது, ஆனால் குட்டை மயிர், கத்தரிக்க ஒன்றும் இல்லை. திருச்சி கருப்பு என்ற இனம்தான் கம்பளிக்கு உரிய முரட்டுக் கறுப்பு மயிரைத் தருவது. கறிவிலை ஏற ஏற, மயிருக்காக ஆடு வளர்ப்பது கட்டாது. தக்காணம் முழுக்க இதே கதைதான். கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் 1965 முதல் இயங்கும் மத்திய ஆராய்ச்சி மையம் மென்மயிர் ஆடுகளை வளர்க்கிறது. நல்ல பணி, ஆனால் மென்மயிரால் மழைதாங்கும் முரட்டுக் கம்பளி நெய்ய முடியாது. நீலகிரித் தோடர்களின் பூத்துக்குளியைப் பலர் கம்பளிச் சால்வை என்று நினைக்கிறார்கள். அது பருத்தித் துணி, அதன்மேல் சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை. 2013-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, பவானி ஜமக்காளத்துக்கு அதற்கும் முன்பே. குறும்பரின் கறுங்கம்பளியையும் அந்த வரிசையில் வைத்துப் பார்க்கவே ஆசைப்படுகிறேன். மேடைகளில் போர்த்தும் சால்வைக்குக் கிடைத்த மரியாதையில் ஒரு பங்காவது, அந்தப் பாரசீகப் பெயர் இந்தப் பக்கம் வருவதற்கு வெகுகாலம் முன்பே இங்கே உழைத்த துணிக்குக் கிடைக்க வேண்டும்.

ஏற்காட்டில் கம்பளி என்று கொடுத்தால் ஓரத்திலிருந்து ஒரு இழையை இழுத்துத் தீக்குச்சியில் காட்டிப் பாருங்கள். அக்ரிலிக் உருகிச் சொட்டி, கறுத்த கெட்டி மணியாக உறையும். ஆட்டினுடையது சுருண்டு கருகி, குச்சியை எடுத்ததும் தானே அணையும். விரலால் நசுக்கினால் தூளாகும், மயிர் பொசுங்கும் வாடை அடிக்கும்.